பெரட்டுத் தப்புக்கு அரை வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு மக்கட்கூட்டத்தின் பண்பாடும் வரலாறும் அதன் இசையில் எவ்வாறு படிந்திருக்கின்றன என்பதை விளக்கித் தங்கள் பத்திரிகையின் ஞாயிறு வாரமலரில் வெளியான கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். கருநாடக இசை, யாழ்ப்பாணத்து நாதசுர தவில் மரபு, மட்டக்களப்பின் வடமோடி தென்மோடிக் கூத்துகள், போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமாக இன்றும் ஒலிக்கும் பைலா, எழுபதுகளின் தமிழ்ப் பொப்பிசை என்று இலங்கைத் தீவின் இசை வகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிய அந்தக் கட்டுரையில் பிழை என்று நான் காட்டக்கூடியது எதுவும் இல்லை. ஆனால் அதன் கடைசிப் பகுதியில், தோட்டப்புறங்களில் தப்பு என்ற பறையின் இசையும் வழக்கில் உள்ளது என்ற பொருளில் அரை வரி மட்டும் இருந்தது. தோட்டத் தமிழர் வாழும் மலையகத்தின் இருநூறு ஆண்டு வாழ்க்கைக்கு அதில் கிடைத்த இடம் அவ்வளவுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் தமிழ் கற்பித்தவன் என்ற முறையிலும், தப்படித்த ஒருவரின் பேரன் என்ற முறையிலும், விடுபட்டதை எடுத்துச் சொல்ல இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் போகிறவருக்கு முதலில் அகப்படுபவை தோட்டத்து ஆபீசின் ஏடுகள். செக்றோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் இருக்கும். ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் கடன் கணக்கில் தொகை இருக்கும். கரையில் இறங்கியவர்கள் எத்தனை பேர், திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்பது அரசாங்க அறிக்கையில் இருக்கும். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வரத் தொடங்கியவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள் என்பதும், வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம் என்பதும் அந்த அறிக்கைகளிலிருந்தே நமக்குத் தெரிகின்றன. நடந்து வந்த பெண் எதை நினைத்து அழுதாள், விட்டு வந்த ஊரை எந்தப் பேர் சொல்லி அழைத்தாள், கங்காணியை வாய்க்குள் எப்படி வைதாள் என்பதை மட்டும் அந்த ஏடுகளில் தேடிப் பயனில்லை. அவை பாட்டில் இருக்கின்றன. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு சனம் தன் வரலாற்றை வைத்துக்கொள்ள வேறு இடம் ஏது? தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கும்மியிலும் தெம்மாங்கிலும் கூத்திலும் தப்பின் அடிகளிலும்தான் அதை வைத்துக்கொண்டது.

என் தாத்தா பெரட்டுத் தப்படித்தவர். பெரட்டு என்ற சொல் பரேட் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். விடியுமுன் ஆட்களைக் கூட்டிப் பேர் பதிந்து வேலைக்குப் பிரித்துவிடும் இடம் பெரட்டுக்களம். அறுபதுகளில் நான் சிறுவனாக இருந்தபோது, வெளியே பனி இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் லயம் என்ற தொழிலாளர் வரிசைவீட்டில், எங்கள் காம்பராவின் அடுப்படியில் தாத்தா குந்தியிருப்பார். தேயிலைச் செடியின் காய்ந்த கிளையான மிலாறு எரியும் அந்த நெருப்பில் தப்பின் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். எங்கள் குளிருக்கு ஓர் இரவிலேயே தோல் தொய்ந்துவிடும். தொய்ந்த தோலில் அடித்தால் ஒலி பக்கத்து லயத்தைத் தாண்டாது. விரலால் சுண்டிப் பார்ப்பார், மறுபடியும் நெருப்பில் காட்டுவார். தோல் இறுகி அந்தச் சுண்டலுக்குக் கணீரென்று பதில் சொன்ன பிறகே, வலக்கையில் அடிக்குச்சியும் இடக்கையில் மெல்லிய சிண்டுக்குச்சியுமாகக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே இறங்குவார். அந்த ஒலி கேட்ட மாத்திரத்தில் ஒவ்வொரு காம்பராவிலும் விளக்கு எரியும். பிள்ளையைக் காப்பகமான மடுவத்தில் விடப் போகிறவளும், கூடையைத் தேடுகிறவளும், நேற்றைய ரொட்டியைத் துணியில் சுற்றுகிறவளும் அந்த அடியின் வேகத்துக்கே ஓடினார்கள்.

அதே தப்பு, அதே கைகள். ஆனால் லயத்தில் ஒரு சாவு விழுந்தால் அடி வேறு. மாரியம்மன் கரகம் பாலிக்க ஆற்றுக்குப் போகும்போது அடி வேறு. கலியாண ஊர்வலத்துக்கு வேறு. காமன் கூத்தில் ரதி வருகைக்கு ஒன்று, தூதன் வருகைக்கு இன்னொன்று. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மலைச்சரிவில், தோட்டத்தின் அடுத்த பிரிவான டிவிசனில் நடப்பது சாவா சாமி கும்பிடா என்பதை அடியைக் கேட்டே சொல்லிவிடுவார்கள். ஒரு நிலத்துக்குரிய கருப்பொருளை எண்ணுகையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணினார் தொல்காப்பியர். குறிஞ்சிக்குத் தொண்டகம், நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகாரர்கள் வகுத்ததை மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தேன். தேயிலை மலையின் பறை எது என்று ஒரு மாணவி கேட்ட அன்றுதான், பாடப்புத்தகத்தில் இருந்ததையும் வீட்டுச் சுவரில் தொங்கியதையும் நான் அதுவரை சேர்த்துப் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது.

சி.வி. வேலுப்பிள்ளை இதை வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தார். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி, மறு ஆண்டே கொண்டுவரப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றவராவதைக் கண்ணெதிரே கண்டவர் அவர். அவருடைய ஆங்கில நெடுங்கவிதை வைகறைத் தப்பொலியைச் சொல்லியே தொடங்குகிறது. தோட்டந்தோட்டமாகச் சென்று மக்களின் பாடல்களைச் சேகரித்தவரும் அவரே. சட்டமும் அரசும் கைவிட்ட ஒரு கூட்டம் தன்னை இன்னாரென்று சொல்லிக்கொள்ள எதை நம்பலாம் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன்.

கூத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலையகத்தின் பெருங்கூத்துகள். இவற்றை வெறும் பொழுதுபோக்காகப் பார்க்கிறவர்கள், எங்கள் முன்னோர் எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தார்கள் என்ற வரைபடம் இவற்றுக்குள் இருப்பதைக் காண்பதில்லை. பொன்னர் சங்கர் கொங்கு நாட்டுக் கதை. மணப்பாறைக்கு அருகே வீரப்பூரில் இன்றும் மாசி மாதம் அந்த அண்ணன்மாருக்குத் திருவிழா நடக்கிறது. அந்தக் கதையை ஒரு தோட்டம் விடாமல் ஆடி வந்தால், அங்கே வந்து குடியேறியவர்களில் அந்தப் பக்கத்தவர் இருந்தார்கள் என்று கொள்ள இடமுண்டு. காமன் பண்டிகையோ தஞ்சை, திருச்சிப் பகுதிகளில் வேரூன்றியது. மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து பாடும் லாவணி, தஞ்சையை ஆண்ட மராட்டியரோடு வந்து அந்தப் பண்டிகையில் கலந்தது. மராட்டிய மண்ணின் பாட்டு காவிரிக் கரையில் தமிழாகிறது. அந்தக் கரையின் பண்டிகை கடல் கடந்து பனிமலைக்கு வருகிறது. இசைக்குள் வரலாறு இருக்கிறது என்று பொதுப்படச் சொல்வதைக் காட்டிலும், இப்படி ஒரு பண்டிகையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்து பார்ப்பது எத்தனையோ மேல்.

எங்கள் தோட்டத்தில் மாசி அமாவாசை கழிந்து காமன் கம்பம் ஊன்றிய நாள் முதல் லயங்களின் நடையே மாறிவிடும். கம்பத்தைச் சுற்றி இரவுதோறும் தப்பு முழங்கும். ரதியாக வேடம் பூணுகிறவர் ஆண்தான். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்த அதே கை, இரவில் வளையல் அணிந்து முந்தானையைப் பிடிக்கும். சிவனின் தவத்தைக் கலைக்கப் போக வேண்டாம் என்று ரதி மன்மதனை மறித்துப் பாடும் கட்டத்தில் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். ரதியின் துயரம் மட்டும் அந்த அழுகைக்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. போகாதே என்று சொல்லச் சொல்லக் கேளாமல் போனவன், போய்த் திரும்பாதவன் ஒவ்வொரு காம்பராவிலும் இருந்தான். கூத்தில் மூன்றாம் நாள் காமன் உயிர்த்தெழுவான். அந்த எழுப்புச் சடங்கை முடிக்காமல் ஒருவரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

ஒப்பாரிக்கு வருகிறேன். 1974ஆம் ஆண்டின் பஞ்சத்தை எங்கள் வயதினர் மறக்க முடியாது. அரிசியும் மாவும் இன்றித் தோட்டங்களில் மனிதர்கள் வற்றிப் போன அந்த ஆண்டில் தாத்தா இறந்தார். அப்பாயி தலைமாட்டில் அமர்ந்து விடியவிடிய அழுதார். அந்த அழுகையில் அவர் தம் வாழ்க்கை முழுவதையும் வரிசைப்படுத்திச் சொன்னார்: சிறு பெண்ணாக மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்தது, அங்கே அம்மை ஊசி குத்தியது, கோச்சி ரயிலில் வந்து இறங்கிய ஸ்டேசனின் பேர், முதல் பிள்ளையைப் புதைத்த தேயிலை மலையின் நம்பர், தாத்தா தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு முதன்முதலாகப் பெரட்டுக்குப் போன காலை, கடைசியில் அவருக்கு ஒரு வாய்க் கஞ்சி கொடுக்க முடியாத கை. யாரும் கேள்வி கேட்டு எழுதிய வாக்குமூலம் அன்று அது. ஆனாலும் இடமும் நிகழ்ச்சியும் ஒன்றுக்குப்பின் ஒன்றாகத் தவறாமல் வந்தன. அருகே அமர்ந்திருந்த எனக்கு அப்போது 19 வயது. எழுதத் தெரிந்தவன், கையில் பேனா இருந்தவன், ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அதை எண்ணி இன்றும் வருந்துகிறேன்.

அழுத பாட்டு ஒரு பக்கம். எழுந்து நின்ற பாட்டு இன்னொரு பக்கம். தஞ்சையிலிருந்து வந்து 1931இல் தோட்டத் தொழிலாளர்க்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், கூட்டங்களில் பேச்சுக்கு முன் பாடினார். இந்தியத் தமிழரின் இலங்கை வாழ்க்கை நிலையை அவர் பாட்டாகவே எழுதி 1940இல் சிறு நூலாக வெளியிட்டார். சனங்களின் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டில் புதிய செய்தியை ஏற்றிவிட்டால், வாசிக்கத் தெரியாதவரும் வீடு திரும்புமுன் பாட்டை மனப்பாடம் செய்துவிடுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் கூத்தும் ஒரு காலத்தைச் சொல்கின்றன என்றால், சங்க மேடைப் பாட்டு எங்கள் மக்கள் தங்களைக் கூலிகள் என்று எண்ணுவதை விட்டுத் தொழிலாளர் என்று எண்ணத் தொடங்கிய காலத்தைச் சொல்கிறது. இசை வகை மாறும்போது அதைப் பாடுகிறவரின் தன்னுணர்வும் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைச் சொல்லாமல் மலையகத்தின் இசையைச் சொல்லி முடித்துவிட முடியாது.

இங்கே ஒரு கசப்பான உண்மையை நான் மறைக்க விரும்பவில்லை. தப்பு எங்களில் எல்லோருக்கும் பெருமையாக இருந்ததில்லை. அதை அடிப்பது ஒரு சாதியின் கடமை என்று சுமத்தப்பட்டது. சாவு வீட்டில் விடியவிடிய அடித்தவருக்கு வாசலுக்கு வெளியே சிரட்டையில் தேநீர் கொடுத்த காலம் எங்கள் லயங்களிலும் இருந்தது. படித்து வெளியேறிய பிள்ளைகள் சிலர் வீட்டுத் தப்பை அடுப்பில் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் தகப்பனாரும் தப்பைத் தொட மறுத்தவர். அவமானத்தைத் தொட மறுத்தார் என்றே அதை இப்போது விளங்கிக்கொள்கிறேன். பழியெல்லாம் சுமத்தியவர்களுடையது. எங்கள் முன்னோர் கடந்த அதே பாக்கு நீரிணையைக் கடந்து தஞ்சையிலிருந்து யாழ்ப்பாணம் போன தவிலுக்குக் கோயில் வீதியில் மேடை கிடைத்தது. யாழ்ப்பாணத்துத் தட்சணாமூர்த்தியின் தவிலைத் தமிழகம் முழுவதும் தலைமேல் வைத்துக் கொண்டாடியது, அதில் எங்களுக்கும் பெருமைதான். நீரிணை ஒன்றே. தோல் கருவி, இரு கைகள், பரம்பரைப் பயிற்சி எல்லாம் ஒன்றே. மதிப்பில் மட்டும் இத்தனை தூரம் ஏன் என்பதையும் இசை பற்றிய ஒரு கட்டுரை கேட்டிருக்க வேண்டும். தமிழகத்தில் இந்தத் தூரம் மெல்லக் குறைகிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காக 2025இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டபோது, எங்கள் டவுனில் தப்படிக்கும் இளைஞர்கள் அச்செய்தியைக் கைப்பேசியில் எனக்குக் காட்டிய முகங்களைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இங்கே நிலைமை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைவிழாவுக்கு எட்டு மாணவர் கொண்ட தப்புக் குழுவை அழைத்துப் போயிருந்தேன். மண்டபத்துக்குப் பின்புறம் சருகு கூட்டி அவர்கள் தோல் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து, இது மங்கல நிகழ்ச்சி, சாவு மேளம் வேண்டாம், வேண்டுமானால் விருந்தினர் போன பிறகு அடிக்கட்டும் என்றார். விருந்தினர் போன பிறகு மண்டபத்தில் கதிரை அடுக்குகிறவர்கள் மட்டுமே இருந்தார்கள். பிள்ளைகள் அவர்களுக்கு அடித்துக் காட்டினார்கள். அவர்களில் முதியவர் ஒருவர், அடுக்கிய கதிரையில் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். குழுவில் மூத்தவன் மறு மாதம் தப்பை என்னிடமே திருப்பித் தந்துவிட்டான். அது இப்போதும் என் வீட்டில் இருக்கிறது.

எங்கள் இசை பாதியாகப் பிளந்து போனதையும் குறிப்பிட வேண்டும். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட 1964இன் சிறீமா சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவரான எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பத்து ஆண்டு கழித்துச் சரிபாதியாகப் பிரித்தார்கள். என் சித்தப்பா குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரம் வழியாக நீலகிரிக்குப் போனது. கூத்து வாத்தியாரான அவரோடு, அவர் மனப்பாடமாக வைத்திருந்த காமன் கூத்துப் பாட்டுகளில் பெரும் பகுதியும் போய்விட்டது. எங்கள் தோட்டத்தில் ரதியின் பாட்டு எஞ்சியது. தூதன் பாட்டு கோத்தகிரிக்குப் போனது. இப்படி ஒவ்வொரு தோட்டத்திலும் ஏதாவது ஒன்று நடுவில் அறுந்திருக்கிறது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் உள்ள எங்கள் உறவுகளைக் கேட்காமல் மலையகத்தின் எந்தக் கூத்தையும் முழுமையாக எழுத முடியாது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வாரமலரில் மாதம் ஒரு பக்கம் போதும். அதில் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டத்தின் தப்படிகளையும் பாட்டுகளையும், அவற்றைக் காத்து வந்தவர்களின் சம்மதத்தோடு அவர்கள் பேரையும் போட்டு வெளியிட வேண்டும். பேரைப் போடுவது முக்கியம். நாட்டார் பாடல் என்ற பொதுப் பேரில் பாடியவரை மறைத்துவிடும் வழக்கத்தால், கருநாடக மேடைக்குக் கிடைக்கும் குரு பரம்பரை எங்கள் வாத்தியார்களுக்கு இல்லாமல் போயிற்று. பாடசாலைப் பாடத்திட்டத்தில் தப்பின் அடிகளை முறையாகச் சேர்க்கும்படி கல்வித் துறையினரைத் தங்கள் ஆசிரியத் தலையங்கம் ஒருமுறை கேட்டாலும், அது எங்கள் நூறு மனுக்களுக்குச் சமம். நீலகிரியிலிருந்து இதை வாசிக்கும் அன்பர்கள் தங்கள் வீட்டு முதியோரின் குரலைப் பதிந்து பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பினால், அறுந்த இடங்களை ஒட்டிப் பார்க்கும் வேலையை நானும் என் பழைய மாணவர் சிலரும் ஊதியமின்றிச் செய்யக் காத்திருக்கிறோம்.

எங்களுக்கு அடுத்த டிவிசனில் 80 வயதைக் கடந்த தப்பு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தெரிந்த அடிகளில் சிலவற்றை இப்போது வேறு யாரும் அடிப்பதில்லை. மணிக்கட்டு வலியால் பத்து நிமிடத்துக்கு மேல் அடிக்க முடியாது. மழை நாளில் மூச்சிரைப்பும் உண்டு. வருகிற ஞாயிறு வெயில் இருந்தால் வரச் சொல்லியிருக்கிறார். அந்த மாணவன் திருப்பித் தந்த தப்பைத்தான் எடுத்துப் போகிறேன். அவனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். பதிவின் ஒரு பிரதியைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைப்பேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மஸ்கெலியா.